நமுனுகுலையில் தொடங்கும் கடற்கரை
ஊவாத் தோட்டங்களும் தென்கிழக்குக் களப்புகளின் மீட்பும்

நமுனுகுலைச் சிகரத்தின் உயரம் 2,036 மீற்றர். அதன் வடக்குச் சரிவில் பெய்யும் மழை பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தவில் அருவியாக விழுந்து, மகாவலியோடு கலந்து, கடைசியில் மூதூருக்கு அருகே கொட்டியாற்றுக்குடாவில் கடலைத் தொடுகிறது. தெற்கே இறங்கும் நீர் கிரிந்தி ஓயாவாகி எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியே ஓடி பூந்தலக் களப்புகளின் பக்கம் போய்ச் சேர்கிறது. கிழக்கே பிறப்பது மாணிக்க கங்கை. கதிர்காமத்தில் அடியார்கள் மூழ்கி எழும் அந்த ஆறு யாலக் கரையில் முடிகிறது. இன்னும் கிழக்கே, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து மலைகளிலிருந்து கும்புக்கன் ஓயா குமணவுக்கும், கல்லோயா அம்பாறைக் கரைக்கும் போகின்றன.

ஊவா கடற்கரை இல்லாத மாகாணம். பதுளையும் மொனராகலையும் நான்கு புறமும் நிலத்தால் சூழப்பட்டவை. ஆனாலும் இலங்கையின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் உள்ள களப்புகள், கண்டற் காடுகள், மணல்மேடுகள் பலவற்றுக்கு நன்னீரும் மணலும் போவது இந்த மலைகளிலிருந்துதான். அந்தக் கரைகளைச் சீரமைப்பதில் ஊவா மலைகளுக்கு, குறிப்பாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு, என்ன பங்கு என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. “மலையில் மண்ணைக் காத்தால் கடல் பிழைக்கும்” என்ற பொதுவான விடை நமக்கு ஏற்கனவே பழக்கமானது. சான்றுகளைப் பார்த்தால் அந்த விடை பாதிதான் சரி.

கரை என்பதன் எல்லை

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். கடலோடு தொடர்புள்ள ஆறு, களப்பு ஆகியவற்றுக்கு நிலப்பக்க எல்லை 2 கிலோமீற்றர் வரை நீளும். அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான சட்டம். பவளக்கல் அகழ்வையும் கரையை ஒட்டிய கட்டுமானங்களையும் கட்டுப்படுத்த ஒரு பிடி கிடைத்தது. ஆனால் கிரிந்தி ஓயாவின் நீளம் சுமார் 117 கிலோமீற்றர். களப்புக்கு வரும் நீரின் அளவையும் தன்மையையும் தீர்மானிக்கும் நிலம் ஏறத்தாழ முழுவதும் இந்த எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர மீட்பு என்றால் கண்டல் நடுவது என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். 30,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த நாட்டில் அந்த அவசரத்தைக் குறைசொல்ல முடியாது. நன்கொடைப் பணம் வந்தது, நாற்றுகள் வந்தன, பாடசாலைப் பிள்ளைகளும் சேற்றில் இறங்கி நட்டார்கள். அதன் விளைவை இலங்கை, பெல்ஜிய ஆய்வாளர்கள் 23 இடங்களில் சென்று பார்த்து 2017இல் வெளியிட்டனர். நடப்பட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை. அதில் தேறியது ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்றே. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் பராமரிக்காததும், கால்நடை மேய்ந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

அமெரிக்க ஈரநில ஆய்வாளர் ரொபின் லூயிஸ் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்தார். நீர் வந்துபோகும் ஒழுங்கு சரியாக இருந்தால் கண்டல் தானாகவே வரும், அது கெட்டிருந்தால் எத்தனை நாற்று நட்டாலும் நிற்காது என்பது அவர் நிலைப்பாடு. இலங்கையின் அனுபவம் அதை உறுதிப்படுத்துகிறது. அதன்பின் நாடு பாடம் கற்காமல் இல்லை. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை உலக மீட்பு முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆனால் நீரின் ஒழுங்கு என்று பேசத் தொடங்கிய மறுகணமே 300 மீற்றர் எல்லை போதாமற் போகிறது. தென்கிழக்கில் அந்த ஒழுங்கைத் தேடிப் போகிறவர் ஊவாவுக்கு ஏற வேண்டியிருக்கும்.

மண்ணரிப்பு வாதம்

மலைக்கும் கரைக்கும் உள்ள உறவைப் பேசுவோர் முதலில் சொல்வது மண்ணரிப்பை. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டபோது ஒரு புல்கூட இல்லாமல் நிலத்தைச் சுத்தமாகச் சுரண்டி வைப்பதே நல்ல துரைத்தனம் என்று கருதப்பட்டது. ஒவ்வொரு பருவமழையிலும் மேல்மண் ஓடையில் இறங்கியது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது மடுல்சீமையில்தான். கோப்பி அழிந்தது, அதே சரிவுகளில் தேயிலை வந்தது, ஏற்கனவே மெலிந்துபோன மண்ணின் மேல்.

நன்கு பேணப்பட்ட தேயிலை மண்ணை ஓரளவு காக்கும். நிரைகள் நெருங்கி, மேல்தளம் மூடிக்கொண்டால் மழைத்துளி நேராக மண்ணை அடிக்காது. ஊவாவின் சிக்கல், விதைத்தேயிலை நிற்கும் பழைய மலைகள். செடி செத்து இடைவெளி விழுந்த இடங்களில் மண் வெறுமையாகக் கிடக்கிறது. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறி நிலங்கள் இதைவிட மோசம். செங்குத்துச் சரிவைக் கொத்தி, உரமிட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுக்கும் நிலத்திலிருந்து உமா ஓயாவில் இறங்கும் வண்டல், 1990இல் இயங்கத் தொடங்கிய ரந்தெம்பே நீர்த்தேக்கத்தை நிரப்பி வருகிறது.

இங்கேதான் வாதம் சிக்கலாகிறது. மலையில் அரிக்கப்படும் மண் எல்லாம் கடலைச் சேர்கிறதா? ஜேம்ஸ் சிவிட்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் உலக ஆறுகளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். மனிதச் செயல்களால் ஆறுகளில் இறங்கும் வண்டல் ஆண்டுக்குச் சுமார் 230 கோடி தொன் கூடியிருக்கிறது. அதேவேளை கடற்கரையை அடையும் வண்டல் சுமார் 140 கோடி தொன் குறைந்திருக்கிறது. இடையில் நிற்பவை நீர்த்தேக்கங்கள். மலை மண்ணை இழக்கிறது, கரைக்கு மணல் கிடைப்பதில்லை.

மணல் இழந்த கரைக்கு என்ன நேரும் என்பதற்கு யாலவே சான்று. ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே அளவீடு செய்த அறிவியலாளர் குழு, கடல் தெரிவதற்காக மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி முற்றாக அழிந்ததையும், மேடு குலையாமல் நின்ற இடங்களில் சேதம் மிகக் குறைவாக இருந்ததையும் பதிவு செய்தது. அந்த மேடுகளுக்கான மணல் நெடுங்காலமாக ஆறுகள் இறக்கியது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011க்கும் 2014க்கும் இடையே இரண்டு அணைகள் அகற்றப்பட்டதும், தேய்ந்து கிடந்த கழிமுகம் சில ஆண்டுகளிலேயே மணலால் மீண்டும் வளர்ந்தது. ஆகவே வண்டலை வெறும் கேடாகப் பார்க்கும் பார்வை தென்கிழக்குக் கரைக்குப் பொருந்தாது. களப்பைத் தூர்க்கும் மென்சேறு வேறு, கரையைக் கட்டும் மணல் வேறு. தோட்டத்து வடிகால்களான கான்கள் தடுக்க வேண்டியது முதலாவதை. ஆற்றுமணல் அகழ்வும் அணைகளும் கரையிடமிருந்து பறிப்பது இரண்டாவதை.

பூந்தல: நீர் கூடிய கேடு

பூந்தல 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1993இல் தேசியப் பூங்கா ஆனது. பூந்தல, எம்பிலிகல, மலல முதலிய களப்புகள், உப்பளங்கள், முட்புதர்கள், மணல்மேடுகள் சேர்ந்த அந்த நிலத்துக்குப் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்தன. வறள்வலயத்து உவர்நீரில் பெருகும் சிற்றுயிர்களே அவற்றின் இரை.

1980களின் நடுப்பகுதியில் கிரிந்தி ஓயாவின் குறுக்கே லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் எழுந்தது. அதற்குக் கீழே புதிதாக வயல்கள் திறக்கப்பட்டன. வயலில் பாய்ந்து மிஞ்சிய நீர் எம்பிலிகலவிலும், அங்கிருந்து கால்வாய் வழியே மலலவிலும் வடிந்தது. முன்பு மழைக்காலத்தில் மட்டும் நன்னீர் பெற்று, வறட்சியில் உவர்ப்பேறிக் கிடந்த களப்புகள் ஆண்டு முழுவதும் நன்னீர் தேங்கும் இடங்களாக மாறின. வடிநீரோடு வயலின் உரச்சத்தும் வந்தது. நாணல் பரவியது, பூநாரைகள் குறைந்தன, இறால் பிடிபாடு சரிந்தது. நீர்மட்டம் ஏறும்போது மலலவின் மணல்திட்டை வெட்டி முகத்துவாரம் திறந்துவிடுவது வழக்கமாயிற்று. திறந்தால் களப்பு சட்டென்று வற்றும், கடல்நீர் ஏறும். அடைத்தால் மீண்டும் நன்னீர் நிறையும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு உயிர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இலங்கையைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்த மாற்றங்களை எழுதி வந்திருக்கிறார்கள்.

பூந்தலவின் சீரழிவுக்கு மலைமண்ணைக் குற்றஞ்சாட்ட முடியாது. மலைமண்ணின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தில் நின்றுவிட்டது. களப்பைக் கெடுத்தது தவறான காலத்தில், தவறான வழியில் வந்த நன்னீர். ஆகவே இங்கே மீட்பு என்பது நடுவதல்ல. வடிகால் நீரைத் திசைமாற்றுவதும், வயலில் பாயும் நீரைச் சிக்கனப்படுத்துவதும், முகத்துவாரம் எப்போது திறப்பது என்பதைக் கடற்றொழிலாளரும் விவசாயிகளும் வனஜீவராசிகள் திணைக்களமும் சேர்ந்து தீர்மானிப்பதுமே மீட்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே கிரிந்தி ஓயாப் படுகையில் புதுக் குடியேற்ற விவசாயிகள் நீரின்றித் தவித்தார்கள். ஆற்றின் நீர்வரத்து திட்டமிடும்போதே மிகையாகக் கணிக்கப்பட்டிருந்தது. தலைப்பில் பற்றாக்குறை, கடைவாயில் மிகை. இரண்டும் ஒரே திட்டத்தின் விளைவுகள்.

குமண: ஆறு தொடும் வரை

கும்புக்கன் ஓயா சுமார் 116 கிலோமீற்றர் ஓடிக் குமணவை அடைகிறது. ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புள்ள குமண வில்லு என்ற ஆழமற்ற நீர்நிலை, ஆற்றிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான ஒடுங்கிய கால்வாய் வழியாக நீர் பெறுகிறது. அதில் நிற்பவை பெரும்பாலும் கிண்ணை மரங்கள். உவர்ப்பைத் தாங்கினாலும் நன்னீர்ப் பக்கம் சாயும் கண்டல் இனம் அது. அந்த மரங்களில்தான் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. கடல்நீர் அவ்வப்போது வில்லுக்குள் ஏறும். அதைக் கழுவி வெளியேற்றுவது ஆற்றின் வேலை. ஆற்றுநீர் குறையுமானால் வில்லுக்குள் உவர்ப்பு தங்கும்; கிண்ணை பட்டுப்போகும்.

பூந்தலவுக்கு நன்னீர் கூடியது நோய். குமணவுக்கு நன்னீர் குறைவதுதான் அபாயம். 2010இல் ராம்சார் இடமாக அறிவிக்கப்பட்ட குமணவைக் காக்கும் எவரும், மடுல்சீமை மலைகளில் மழை எப்படி மண்ணுக்குள் இறங்குகிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. கும்புக்கன் ஓயாவில் நீர்த்தேக்கம் கட்டும் திட்டங்கள் அரச ஆவணங்களில் இடம்பெற்றிருப்பதால் இது நாளைய கேள்வி அல்ல, இன்றைய கேள்வி.

உமா ஓயா: ஒரு கரையின் நீர் இன்னொரு கரைக்கு

இயற்கையில் உமா ஓயா வெலிமடையிலிருந்து வடக்கே ஓடி மகாவலியில் விழும். அதன் நீரில் ஆண்டுக்குச் சுமார் 145 மில்லியன் கனமீற்றரைப் புகுல்பொல, டயரபா அணைகளில் மறித்து, பண்டாரவளைப் பக்கத்து மலைகளுக்கு அடியில் குடைந்த சுரங்கத்தால் கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்புவதே உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம். 120 மெகாவொட் மின்நிலையம், மொனராகலைக்குப் பாசனம், அம்பாந்தோட்டைக்கு நீர் ஆகியவை அதன் நோக்கங்கள். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளையைச் சுற்றிய கிராமங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரல் 24 அன்று திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

பொதுவெளியில் நடந்த விவாதம் கிணறுகளையும் வீடுகளையும் சுற்றியே நின்றது. அது நியாயமே, குடிநீர் போனவர்களின் குரல் முதலில் கேட்கப்பட வேண்டும். ஆனால் கரையின் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கொட்டியாற்றுக்குடாவுக்குப் போக வேண்டிய நீர் பூந்தலப் பக்கம் திரும்பியிருக்கிறது. இதற்கு முன்பே, மாணிக்க கங்கையில் வெஹெரகல நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, அதன் நீரின் ஒரு பகுதி லுணுகம்வெஹெரவுக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஆக, மூன்று ஆறுகளின் நீர் இன்று ஒரே படுகையை நோக்கி வருகிறது. அந்தப் படுகையின் வாயில் இருப்பவையோ மிகைநன்னீரால் ஏற்கனவே தடுமாறிய களப்புகள்.

திருப்பப்பட்ட நீரெல்லாம் களப்பில் விழும் என்று சொல்வது மிகை. பெரும்பகுதி புதிய வயல்களிலும் குடிநீர்த் திட்டங்களிலும் செலவாகும், ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும். மகாவலிக்கு ஏற்படும் இழப்பும் அந்தப் பேராற்றின் மொத்த ஓட்டத்தோடு ஒப்பிட்டால் சிறிது. ஆனால் புதிய வயல்கள் திறக்கப்படும்போது புதிய வடிநீர் உருவாகும் என்பதை 1980களின் அனுபவம் காட்டிவிட்டது.

கானும் களப்பும்

மலைக்குத் திரும்புவோம். ஊவாவில் மழை முக்கியமாக ஐப்பசி முதல் தை வரை. ஆடி, ஆவணியில் கச்சான் வீசும்போது மலைகள் காய்ந்து கிடக்கும்; உலகம் தேடும் ஊவாத் தேயிலையின் மணம் அந்தக் காய்ச்சலில் பிறப்பது. பத்தனைப் புல்வெளிகளில் தீ பரவுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் ஆற்றில் ஓடுவது மாரியில் மலை குடித்து வைத்திருந்த நீர். குமண வில்லுக்கும் தோட்டத்து லயக் குடியிருப்புகளின் குழாய்க்கும் கோடையில் நீர் கொடுப்பது ஒரே சேமிப்பு. மலை எவ்வளவு நீரை உள்வாங்குகிறது என்பதே கரைக்கு முக்கியம். வண்டலைவிடவும் முக்கியம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

அந்த உள்வாங்கலைச் செய்வது என்ன? காடு, புல்வெளி, ஓடையோரச் சதுப்பு, தோட்டத்துக்குள் கான். தேயிலை மலையில் சமவுயரக் கோட்டை ஒட்டி, மிகச் சிறிய சரிவோடு கான் வெட்டப்படும். அதற்குள் சில அடிக்கு ஒன்றாகக் குறுக்கே மண் தடுப்பு விடுவார்கள். ஓடிவரும் நீர் ஒவ்வொரு தடுப்பிலும் நின்று, வண்டலை விட்டு, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கி, மிஞ்சியது மெல்ல வழியும். மழை ஓய்ந்ததும் தேங்கிய வண்டலை மண்வெட்டியால் அள்ளி மேட்டுப் பக்கத்துத் தேயிலைத் தூரில் போட வேண்டும். இரண்டு பருவம் அள்ளாமல் விட்டால் கான் தூர்ந்துவிடும். அடுத்த பெருமழையில் நீர் அதைத் தாண்டி நேராகச் சரிவில் பாயும், சரிவைக் கிழிக்கும்.

கான் வெட்டு எப்போதும் ஆண்களின் வேலை, கடினமான வேலை, கொழுந்து போல உடனே வருமானம் தராத வேலை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கைமாறிய பின்னும், இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகத் தொடங்கிய பின்னும், ஆளில்லாத தோட்டங்களில் முதலில் கைவிடப்படுவது இத்தகைய வேலைகள்தான். களை பிடுங்கும் கைகளின் இடத்தைக் களைநாசினி பிடித்தது. அது புல்லோடு மண்ணின் போர்வையையும் எடுத்துவிடுகிறது.

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் நேரம். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தது. வேறு நிலமில்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். மீரியபெத்தையின் மண் கிரிந்தி ஓயாப் படுகையின் மண். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோதும் மலைக்கும் கரைக்கும் உள்ள இதே உறவு கண்முன் நின்றது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்த அதே நாட்களில் மகாவலியின் கீழே மூதூர், வெருகல் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின.

தோட்ட மக்கள் குடியிருக்கும் நிலமும் அவர்கள் உழைக்கும் நிலமும் அவர்களுக்குச் சொந்தமில்லை. கரையோர மீட்புத் திட்டங்களில் களப்பைச் சார்ந்து வாழும் மீனவக் குடும்பங்கள் பங்காளிகளாக மதிக்கப்படுகிறார்கள். அது நல்லதே. ஆனால் அந்தக் களப்புக்கு வரும் நீரை மலையில் தேக்கிக் கொடுப்பவர்கள் அப்படி எண்ணப்படுவதில்லை. மண்ணைப் பிடித்து வைக்கும் வேலைக்குக் கூலி போதாததால் அது நடக்காமல் போகிறது. நடக்காததால் சரிவில் முதலில் சாகிறவர்களும் அவர்களே.

இனிச் செய்யக்கூடியவை

முதலாவது, கைவிடப்பட்ட விதைத்தேயிலை மலைகள். அவற்றில் யூக்கலிப்டஸையோ பைனையோ ஒரே சீராக நட்டுக் ‘காடு’ என்று கணக்குக் காட்டும் பழக்கம் ஊவாவில் பழையது. பத்தனைகளில் நட்ட பைன் கோடைத் தீக்கு எரிபொருளானது. ஓடையோரங்களில் நாட்டு மரங்கள், செங்குத்துச் சரிவில் புல்லும் முள்முருங்கையும், மிஞ்சிய இடத்தில் மட்டும் தேயிலை என்று பிரித்துச் செய்வது மெதுவான வேலை. தோட்டத்துத் தவறணைகளில் தேயிலைக் கன்றோடு நாட்டு மரக்கன்றுகளையும் வளர்க்க அந்த மக்களின் கைத்திறன் ஏற்கனவே இருக்கிறது.

இரண்டாவது, கான் பராமரிப்புக்கு ஆகும் கூலி. களப்பு மீட்புக்காக ஒதுக்கப்படும் நிதியில் ஒரு பங்கு, அந்தக் களப்புக்கு நீர் தரும் தோட்டப் பிரிவுகளுக்குப் போக வேண்டும், கம்பனியின் கொழுந்து வரவோடு கட்டுப்படாத தனிக் கூலியாக. எந்தப் பிரிவில் எவ்வளவு நீளக் கான் அள்ளப்பட்டது என்பதைத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்திலேயே பதியலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

மூன்றாவது, உமா ஓயா. மொனராகலையில் புதிய வயல்கள் முழுமையாகத் திறக்கப்படும் முன்பே அவற்றின் வடிநீர் எங்கே போகும் என்பது முடிவாக வேண்டும். எம்பிலிகல, மலல களப்புகளின் உவர்ப்பை மாதந்தோறும் அளந்து, லுணுகம்வெஹெர மதகு திறக்கும் நாட்களோடு சேர்த்துப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடலாம். நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகார சபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம் நான்கும் ஒரே மேசைக்கு வர வேண்டிய இடம் இது. அந்த மேசையில் ஐந்தாவது நாற்காலி பண்டாரவளை, கொஸ்லாந்தை, பசறைத் தோட்டங்களின் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரியது.